நித்தியமும் நைமித்திகமும்

கர்மங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று மூன்றாகப் பிரித்துவைத்த பெரியோர்கள், தினந்தோறும் செய்தே தீரவேண்டியது ஒன்று, கிரகணம் போல ஏதேனும் ஒரு நிமித்தம் நேரும்போது மட்டும் செய்யவேண்டியது ஒன்று, ஒரு பலனை விரும்பிச் செய்வது மற்றொன்று என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் சொன்னார்கள். அந்த இலக்கணம் சந்தியாவந்தனத்திற்கும் கிரகண ஸ்நானத்திற்கும் மட்டுமல்லாமல், வீடு பெருக்கித் துடைக்கும் காரியத்திற்கும் அப்படியே பொருந்துகிறது என்பதை, நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு வெள்ளத்தையும், ஒரு புட்டி ஆசிட்டையும், ஈரம் உலராத சோபா ஒன்றையும் கடந்து வந்த பிறகுதான் நான் உணர்ந்தேன். இக்காலத்தில் ‘டீப் கிளீனிங்’ என்று சொல்கிறார்களே, அது நைமித்திகம். காலையில் ஓர் அம்மாள் வந்து பெருக்கி, மாப்பு போட்டு, பாத்திரம் துலக்கிவிட்டுப் போகிறாரே, அது நித்தியம். நித்திய கர்மத்தைச் செய்வதனால் தனியாக ஒரு புண்ணியமும் கிடையாது, ஆனால் செய்யாமல் விட்டால் தோஷம் உண்டு என்று மீமாம்சகர்கள் சொல்லுவார்கள். பெருக்கிய வீட்டைப் பார்த்து யாரும் புகழ்வதில்லை. பெருக்காத வீட்டைப் பார்த்தவர்களோ வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை.

இவ்விரண்டில் எது எப்போது வேண்டும் என்ற கேள்வியே எழாமல், நிமித்தம் தானாகவே வாசற்படி ஏறி வந்த சந்தர்ப்பம் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் மழை நீரும் சேர்ந்து அடையாற்றில் பெருகிவந்தபோது, நாங்கள் கோட்டூர்புரத்தில் தரைத் தளத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். மேல் மாடிக்காரர்கள் வீட்டில் இரவைக் கழித்து, அங்கிருந்து உறவினர் வீட்டுக்குப் போய், நான்காம் நாள் திரும்பி வந்து கதவைத் தள்ளினால், அது திறக்கவில்லை. உள்ளே கால் முட்டி அளவுக்கு மேல் புரண்டுகிடந்த சாமான்களும், அவற்றின்மேல் தோசை மாவு பதத்தில் படிந்த சேறும் கதவைத் தடுத்துக்கொண்டிருந்தன. சுவரில் இடுப்பளவு உயரத்தில் மட்டப் பலகை வைத்துக் கிழித்தாற்போல ஒரு பழுப்புக் கோடு.

அன்று நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், சேற்றை உலர விடக்கூடாது என்பது. ஈரமாக இருக்கும்போது பலகையால் வழித்துத் தள்ளிவிட்டால் தண்ணீரோடு போய்விடுகிற வண்டல், இரண்டு நாள் வெயிலும் காற்றும் பட்டுவிட்டால் தரையோடு சிமெண்டு போலப் பிடித்துக்கொள்கிறது. ‘எல்லாம் காயட்டும், பிறகு பெருக்கலாம்’ என்று இருந்த அண்டை வீட்டுக்காரர் பிறகு உளி வைத்துக் கொத்தினார். இரண்டாவது பாடம், சுவர் குடித்த நீர் தரை உலர்ந்த பிறகும் பல வாரங்கள் உள்ளேயே இருக்கும் என்பது. அலமாரிகளைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிவைக்காமல் பழைய இடத்திலேயே சேர்த்துவைத்தோம், பொங்கலுக்கு முன் அவற்றின் முதுகெல்லாம் பூஞ்சணம் பூத்துவிட்டது. நித்தியமாக எங்கள் வீட்டுக்கு வரும் அம்மாள் அந்த வாரம் வரவில்லை. அவர் குடிசையிலும் அதே ஆறுதான் புகுந்திருந்தது; அவருக்காகக் காத்திருப்பது நியாயமும் அல்ல. ஆள் பிடித்து, பம்பு வைத்து, நான்கு பேர் மூன்று நாள் பாடுபட்டார்கள். அதற்குக் கொடுத்த பணத்தைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது.

வெள்ளம் ஒன்றுதான் நிமித்தம் என்று சொல்ல வரவில்லை. புது வீட்டுக்குக் குடிபோகும்போதும், இருந்த வீட்டைக் காலி செய்யும்போதும், வருஷக் கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கும்போதும், தச்சு வேலையும் பெயிண்ட் வேலையும் முடிந்த பிறகும் பெருஞ்சுத்தம் செய்வது விவேகமே. கட்டட வேலை நடந்த வீட்டில் மட்டும், வேலைக்காரர்கள் மூட்டை கட்டிய மறுநாளே ஆட்களை வரச்சொல்லாதீர்கள். காற்றில் மிதக்கும் பட்டித் தூசி இரண்டு மூன்று நாட்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டால் ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுக்க நேரும். கரப்பானுக்கு மருந்து அடிப்பதாக இருந்தால் அதைச் சுத்தத்திற்குப் பிறகு வைத்துக்கொள்ளவேண்டும். முன்னால் அடித்த மருந்தைப் பின்னால் வருகிறவர்கள் சோப்பு நீர் விட்டுக் கழுவிவிடுவார்கள்.

இனி மூன்றாவது வகையான காமியத்துக்கு வருகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் நங்கநல்லூரில், முப்பது வருஷத்துப் பழைய அடுக்ககம் ஒன்றில், மொசைக் தரை போட்ட இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வந்துசேர்ந்தோம். பேரனுடைய ஆண்டு நிறைவுக்குச் சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதுவரை எங்கள் கண்ணுக்குப் படாத அழுக்கெல்லாம் திடீரென்று படத் தொடங்கியது. நிமித்தம் என்று ஒன்றும் இல்லை. நான்கு பேர் பார்த்து மெச்சவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான். கைப்பேசியிலேயே ஒரு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டேன். தொகை 6,500 ரூபாய். மூன்று ஆட்கள், ஆறு மணி நேரம். எங்கள் வீட்டு அம்மாளுக்கு மாதம் முழுவதும் வந்து பெருக்கித் துடைப்பதற்கு அப்போது நாங்கள் கொடுத்துவந்தது 3,000 ரூபாய் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் தாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வந்தவர்கள் மூவரும் வெகு தூர மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள். இருபது வயதுக்குமேல் யாருக்கும் சொல்ல முடியாது. தரையில் வட்டமாகச் சுழலும் மெஷின் ஒன்றும், தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்றும், பேர் ஒட்டாத நாலைந்து புட்டிகளும் கொண்டுவந்திருந்தார்கள். வேலையில் சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மின்விசிறிகளின் மேல்புறம், நான் வருஷக்கணக்கில் நிமிர்ந்து பார்க்காத அந்த மேல்புறம், வெள்ளை நிறம் என்று தெரிய வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து திருப்தியோடு செய்தித்தாளைப் பிரித்தேன். அதுதான் நான் செய்த பிழை.

அன்று காலையில், ‘வருகிற பையன்கள் குளியலறையைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாதே’ என்ற எண்ணத்தில் என் மனைவி கழிப்பறை மூலைகளிலெல்லாம் பிளீச்சிங் பவுடரைத் தூவிவைத்திருந்தாள். அது எனக்குத் தெரியாது, பையன்களுக்கும் தெரியாது. அவர்களில் ஒருவன், ஓடுகளில் படிந்த உப்புக் கறையைப் போக்குவதற்காக ஆசிட் புட்டியைத் திறந்து அந்த மூலையில் ஊற்றினான். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விஷயந்தான். முதல் உலக யுத்தத்தில், 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகில் ஜெர்மானியர்கள் எதிரிகளின் அகழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ஆனால் படித்த விஷயம் ஆபத்துச் சமயத்தில் எங்கே ஞாபகத்துக்கு வருகிறது? இருமல் சத்தம் கேட்டது. கதவு படீரென்று திறந்தது. கண்ணில் நீர் வழிய, மூச்சுத் திணற, கையில் திறந்த புட்டியோடு அந்தப் பையன் கூடத்துக்கு ஓடி வந்தான். புட்டி கையிலிருந்து நழுவிற்று.

மொசைக் தரை என்பது சிமெண்டில் சலவைக்கல் துணுக்குகளைப் பதித்து இழைத்தது; இரண்டும் சுண்ணாம்பின் வம்சம், ஆசிட்டுக்கு ஜன்மப் பகை. ‘சுர்’ரென்று நுரை கிளம்பியது. பையனைப் பால்கனிக்கு அழைத்துப்போய்க் காற்றுப்படும்படி உட்காரவைத்துவிட்டு, சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, நாங்கள் துணியை எடுத்து அந்த ஆசிட்டைத் துடைத்தோம். துடைத்தோம் என்பதைவிடப் பரப்பினோம் என்பதே பொருந்தும். தாராளமாகத் தண்ணீரைக் கொட்டியிருக்கவேண்டும். அல்லது அடுக்களையில் இருந்த சமையல் சோடாவை அள்ளி மேலே போட்டு அதன் வீரியத்தை அடக்கியிருக்கவேண்டும். நுரை அடங்கியபோது முறம் அளவுக்கு ஓரிடம் பளபளப்பெல்லாம் போய், சாக்குக் கட்டியால் தேய்த்தாற்போல வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. குளியலறையில் துருப்பிடிக்காதது என்று நம்பி வாங்கிய துண்டு மாட்டும் கம்பியில், அந்த ஆவி பட்ட இடத்தில், ஒரு வாரத்தில் செம்புள்ளிகள் தோன்றின.

பையனுக்கு அரை மணியில் மூச்சு சீராகிவிட்டது. அந்த மட்டில் தெய்வ கிருபை. ‘சார், கம்பெனியில் சொல்லாதீர்கள்’ என்று அவன் தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களைக் கூட்டிக் கெஞ்சியபோது, தப்பு அவனுடையது என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மெஷினை எப்படிச் சுழற்றுவது என்று கற்றுக்கொடுத்தவர்கள் எந்தத் தரைக்கு எந்த மருந்து என்று கற்றுக்கொடுக்கவில்லை. தரை இன்னது என்று நான் சொல்லவில்லை. காலையில் தூவினதை என் மனைவி சொல்லவில்லை. நிறுவனத்தார் பிறகு போனில் வருத்தம் தெரிவித்து, அடுத்த முறைக்குச் சலுகை தருவதாகச் சொன்னார்கள். அடுத்த முறையை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பெருஞ்சுத்தமே வேண்டாம் என்று ஒரு வருஷம் வைராக்கியமாக இருந்து பார்த்தேன். அதுவும் சரிப்படவில்லை. நித்தியத்தினால் ஆகாத காரியங்கள் சில இருக்கத்தான் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டையும் பிரித்தறிவதற்கு இப்போது நான் கைக்கொண்டிருக்கும் உபாயம் மிக எளியது. அதற்கு வேண்டிய கருவி விரல் நகம் ஒன்றே. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் ஓடு, குழாயின் அடிப்பகுதி, இழுத்து மூடும் சன்னலின் கீழ்ச்சட்டத்துப் பள்ளம், மின்விசிறி இறக்கையின் மேல்புறம், கட்டிலுக்கடியில் சுவரோரம் ஆகிய ஐந்து இடங்களையும் முதலில் ஈரத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துப் பார்ப்பேன். துணியோடு வந்துவிட்டால் அது நித்தியத்தில் சேர்ந்த அழுக்கு. அதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்வது வீண். துணிக்கு வராமல் நகத்தால் சுரண்டினால்தான் பெயர்கிறது என்றால், அதுவும் ஐந்தில் மூன்று இடங்களிலாவது அப்படி இருந்தால், ஆள் கூப்பிடவேண்டிய நிமித்தம் வந்துவிட்டது என்று பொருள்.

இந்தச் சோதனைக்குக் காரணமும் உண்டு. தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி சுவரில் படிந்த அன்றே துடைத்தால் வெறும் எண்ணெய். அதையே சூட்டிலும் காற்றிலும் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தூசியையும் சேர்த்துக்கொண்டு வார்னிஷ் போல இறுகிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரும் அவ்வாறே. குழாயில் தங்கும் துளியை இரவில் ஒரு துணியால் ஒற்றி எடுத்தால் ஒன்றுமில்லை, தானே உலர விட்டால் ஒவ்வொரு துளியும் தன் பங்குக்குக் கொஞ்சம் சுண்ணாம்பை வைத்துவிட்டுப் போகிறது. எல்லாப் பெருஞ்சுத்தமும் என்றோ தவறிப்போன சிறுசுத்தங்களின் வட்டிதான். வட்டி ஏறாமல் இருக்க, அடுப்புச் சுவரைத் தினமும் சமையல் முடிந்த சூட்டோடு துடைப்பது ஒன்று போதும். மற்றவற்றில் நான் அவ்வளவு கண்டிப்புக்காரன் அல்ல. புகைபோக்கியின் வடிகட்டியை மட்டும் மாதம் ஒருமுறை நானே கழற்றி, கொதிநீரில் சலவை சோடா போட்டு ஊறவைக்கிறேன். அது அலுமினிய வலையாக இருந்தால் காரம் பட்டுக் கறுத்துவிடும். அப்போது வெறும் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரே நல்லது.

இரண்டாம் முறை வேறொரு நிறுவனத்தாரை அழைத்தபோது, கூலி எவ்வளவு என்பதைக் கடைசியாகக் கேட்டேன். முதலில் கேட்டது, எந்த மருந்து எந்த இடத்துக்கு என்பது. புட்டியில் பேர் ஒட்டியிருக்கவேண்டும், ஆசிட் என்பது வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அலமாரிகளின் உட்புறம் கணக்கில் சேருமா, சன்னலின் வெளிப்புறம் சேருமா, ஏணி யாருடையது, சாமான்களை ஒதுக்குவது யார் பொறுப்பு என்பனவற்றையெல்லாம் பேசி, எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். ‘வீடு முழுவதும்’ என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் வேறு அர்த்தம். பரண் அதில் இல்லை. வந்த அன்று, மேலிருந்து கீழாகவும், உலர்ந்த வேலை முதலிலும் ஈர வேலை பின்னரும் நடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். ஒட்டடை அடிப்பதற்கு முன் சுவரில் ஈரம் பட்டுவிட்டால், கோலால் ஒரு தட்டுத் தட்டினால் விழவேண்டிய ஒட்டடை கரிப்பசையாகிச் சுவரில் தீற்றிக்கொள்ளும். பிறகு அதற்குப் பெயிண்ட் ஒன்றே பரிகாரம். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதற்காக அதிகாரம் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். பதினொரு மணிக்கு மோரும் ஒரு மணிக்குச் சாப்பாடும் கொடுத்தோம். அதற்கப்புறம் அவர்கள் பரணையும் கேட்காமலே துடைத்துவிட்டார்கள்.

அந்த முறையும் ஒரு பிசகு நேர்ந்தது. அது முழுக்க முழுக்க என்னுடையது. சலுகை விலை என்று கார்த்திகை மாதத்தில் நாள் வைத்துக்கொண்டு, சோபாவுக்கும் சோப்பு நுரை போட்டு அலசச் சொன்னேன். அடைமழைக் காலத்தில் சென்னையில் கைக்குட்டை உலர்வதே பிரயத்தனம். அரை அடிப் பஞ்சு எங்கே உலரும்? ஐந்து நாள் மின்விசிறிக்கடியில் கிடந்தும், நனைந்த நாயின் வாடை அதை விட்டுப் போகவில்லை. நம்முடைய முன்னோர்கள் வெள்ளையடிப்பதையும் பரண் ஒழிப்பதையும் போகிக்கு முன்னே வைத்ததற்குச் சமய காரணம் எதுவாகவாவது இருக்கட்டும், மழை விட்டு, நனைத்தது நனைத்த அன்றே உலரக்கூடிய பருவம் தொடங்குவது அப்போதுதான். தை முதல் பங்குனி வரையில் செய்தால் மெத்தையும் சோபாவும் பிழைக்கும்.

நித்தியத்துக்கு வரும் அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நன்றி கெட்டதாகிவிடும். பெருஞ்சுத்தத்துக்கு ஆகும் செலவைத் தவிர்க்க, அந்த வேலையையும் சிறிது சிறிதாக அவர் தலையிலேயே கட்டிவிடலாம் என்ற யுக்தி பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒரு சமயம் இருந்தது. ‘இன்றைக்கு அந்த ஃபேனையும் கொஞ்சம் துடைத்துவிடு’ என்று என் மனைவி சொன்னபோது, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ‘அம்மா, ஒரு மணி நேரத்துக்குத்தானே சம்பளம், இன்னும் மூணு வீடு இருக்கு’ என்றார். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஏணி ஏறும் வேலைக்கு வேறு கூலி, வேறு நாள். அதைச் செய்வதும் செய்யாததும் அவர் இஷ்டம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007ஆம் ஆண்டிலேயே நலவாரியம் அமைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் அதில் பதிவு செய்துகொண்டிருக்கிறாரா என்று ஒருநாள் விசாரித்து, இல்லையென்றால் உதவி செய்யுங்கள். எங்கள் வீட்டு அம்மாளுக்கு இவ்விஷயம் எங்கள் மூலமாகத் தெரிய எட்டு வருஷம் ஆயிற்று என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இரண்டாவது பெருஞ்சுத்தம் முடிந்த மறுநாள் காலை அவர் வழக்கம்போல ஆறரை மணிக்கு வந்து, பளிச்சென்று இருந்த கூடத்தை வாசலில் நின்றபடியே ஒருமுறை பார்த்தார். ‘இன்றைக்கு வேண்டாம், போய்விட்டு வா’ என்று என் மனைவி சொல்லியும் கேளாமல், விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கி, முறத்தில் அள்ளிக் காட்டினார். ஒரே இரவில் ஒரு பிடி தூசி சேர்ந்திருந்தது.

மொசைக் தரையில் அந்த வெளுத்த இடம் இன்றும் அப்படியே இருக்கிறது. தரை முழுவதையும் மெஷின் வைத்து இழைத்துப் பாலிஷ் போட்டால்தான் போகும் என்றார்கள். டீப் கிளீனிங்குக்குக் கொடுத்ததைப்போல இரண்டு பங்கு கேட்டார்கள். அதன்மேல் பத்தமடைப் பாய் ஒன்றை விரித்திருக்கிறோம். டீப் கிளீனிங் பற்றி யாரேனும் யோசனை கேட்டு வந்தால், பேசத் தொடங்குவதற்கு முன் அந்தப் பாயைச் சுருட்டிக் காட்டிவிடுகிறேன்.